ஒரு சொட்டு ரத்தம் சிந்தாத ஆலயம்

இறுதி மணி ஆலயத்தின் அதிகாரபூர்வ வரலாறு நூற்று எண்பது பக்கம். வழவழப்பான தாள், வண்ணப் படங்கள், தங்க எழுத்தில் தலைப்பு. அட்டையில் ‘எழுதியவர்: சீதாராமன்’ என்று போட்டிருக்கிறது. அது நான்தான். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், ‘ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாமல் இந்த மகத்தான ஆலயம் எழுந்தது’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. அதை நான் எழுதவில்லை. ஆனால் அதில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழைதிருத்துபவனாக இருந்தேன். கம்ப்யூட்டர் வந்தது. “இனிமே எல்லாத்தையும் மிசினே பாத்துக்கிரும்ணே” என்று முதலாளி சொன்னார். மிஷின் வந்த முதல் மாதமே ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய சித்தப்பாவின் பெயர் வந்தது. அதற்குள் நான் வேலையில் இல்லை. அப்போதுதான் இந்த ஆலயத்தைக் கட்டும் சபைக்கு ஒரு வரலாற்று ஆசிரியர் தேவை என்று தெரிந்தது.

இறுதி மணி சபையின் தலைமையகம் ஆர்வேனியா என்ற நாட்டில் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு தச்சருக்கு ஆகாயத்தில் மணி அடிப்பது கேட்டதாம். பக்கத்தில் நின்ற வேறு யாருக்கும் கேட்கவில்லை. அதுவே அது தெய்வ மணி என்பதற்குச் சாட்சி என்று முடிவுசெய்து சபையைத் தொடங்கினார்கள். மதுரை வட்டாரத்தில் அதன் உறுப்பினர்கள் எழுபத்தோரு பேர். அவர்களுக்காக மேலூர் போகிற வழியில் நானூறு பேர் உட்காரும் ஆலயம் எழுந்துகொண்டிருந்தது. ஏன் இந்த இடம் என்று கேட்டேன். மேலூர் கிரானைட் ஆர்வேனியாவுக்குக் கப்பலில் போவதற்குள் விலை ஏறிவிடுகிறது, ஆலயமே கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சிக்கனம் என்றார்கள். ‘தரிசனத்தில் காட்டப்பட்ட இடம்’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

கட்டுமானத் துறையின் தலைவர் வெங்கடேஷ்பாபு. அவரும் எங்கள் சௌராஷ்ட்ர ஆள்தான். தனியாக இருந்தால் எங்கள் வீட்டுப் பாஷையில் பேசுவார். பொய் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார். அவரோடு பழகி ஒரு மாதத்தில் எனக்கு இது பிடிபட்டுவிட்டது.

2001 கார்த்திகையில் பிரதிஷ்டை. பிரதிஷ்டைக்குப் பிறகு நுழைவுச் சான்று உள்ள உறுப்பினர் தவிர ஈ எறும்புகூட உள்ளே போக முடியாது. அதனால் அதற்கு முந்தைய பதினைந்து நாள் மட்டும் ஊராருக்குத் திறந்து காட்டுவது சபை வழக்கம். தரைவிரிப்பு ஆர்வேனியாவிலிருந்து வந்தது. அழுக்காகக் கூடாது என்று, வருகிறவர்கள் செருப்புக்கு மேலேயே ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி.

மதுரைக்காரர்களுக்கு இது விளங்கவே இல்லை. கோயில் என்று சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். கழற்றக்கூடாது என்று காவலாளி விருமாண்டி கத்தினார். செருப்போடு சாமியிடம் போகச் சொல்கிறானே என்று ஒரு கிழவர் அவரை அடிக்கப் போனார். கடைசியில் எல்லோரும் செருப்பை வாசலில் குவித்துவிட்டு வெறுங்காலில் உறையை மாட்டிக்கொண்டு சுற்றினார்கள். போகும்போது உறையைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வாரம் மேலூர்ச் சந்தையில் பச்சைமிளகாயை அதில் கட்டி விற்றார்கள். ‘பத்தாயிரம் பேர் ஆலயத்தின் நினைவைத் தங்கள் இல்லங்களுக்கு எடுத்துச் சென்றனர்’ என்று வெங்கடேஷ்பாபு எழுதவைத்தார்.

அந்தப் பதினைந்து நாளும் வழிகாட்டி வேலையும் எனக்குத்தான். சிறுபிரசுரத்தைக் கையில் வைத்து ஒவ்வொரு இடத்திலும் நின்று படிக்க வேண்டும். பத்தாம் நாள் வடக்குக் கோபுரத்தின் கீழே நின்று, “ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாமல் எழுந்த கோபுரம் இது” என்று படித்தேன். கூட்டத்தில் ஒரு பெண் குனிந்து, இடுப்பில் முடிந்து வைத்திருந்த செவ்வந்திப் பூவைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை நின்றது.

“இங்க பூ வைக்கக் கூடாதும்மா” என்றேன்.

“இங்கதான் சார் விழுந்தாரு” என்றாள்.

அவள் பெயர் சோலையம்மாள். புருஷன் சோணைமுத்து, கல் ஏற்றுகிற வேலை. பங்குனியில் கோபுரத்துக்குக் கல் ஏற்றும்போது சங்கிலி அறுந்து கல்லோடு கீழே வந்துவிட்டான். உடலை லாரியில் ஏற்றி நாலுவழி முக்கில் போட்டுவிட்டு, குடித்துவிட்டு ரோட்டைக் கடந்தவன் மேல் ஏதோ வண்டி மோதிவிட்டது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

“அந்தாளு பீடிகூட குடிச்சதில்ல சார். சங்கிலி தேஞ்சு கெடக்குன்னு மொத நாளே சொல்லியிருக்காரு. நாளைக்கு மாத்திக்கிரலாம்னாங்களாம். இவள இப்ப பள்ளிக்கூடத்துல குடிகாரன் மகங்குறாக. எனக்கு வேறெதுவும் வேணாம். நீங்க புஸ்தகம் எழுதுறீகளாம்ல. வேலையில செத்தாருன்னு ஒரு வரி போடுங்க, போதும். அத இவ டீச்சர்கிட்ட காட்டிக்கிருவா.”

அதற்குள் ஓர் ஆள் முறத்தோடு வந்து பூவை அள்ளிக்கொண்டு போனான். அன்று மிச்ச நேரம் முழுக்க, பிரசுரத்தில் அந்த வரியை மட்டும் முணுமுணுத்துவிட்டுத் தாண்டினேன். அதைத்தான் என் வீரம் என்று சொல்ல முடியும்.

மறுநாள் நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதினேன்: ‘வடக்குக் கோபுரத்தில் கல் ஏற்றும்போது சங்கிலி அறுந்து சோணைமுத்து என்ற தொழிலாளி இறந்தார்.’ வெங்கடேஷ்பாபு படித்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

“அண்ணே, வரலாறுங்கிறது நடந்தத எழுதுறது இல்ல. நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே, அதுக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு பண்ணி ஒரு புஸ்தகம்? சங்கிலி அறுந்துச்சுன்னா சங்கிலிக்காரன் வருத்தப்படுவான். அவன் நமக்கு நன்கொடையாக் குடுத்த சங்கிலி அது.”

சங்கிலியை எடுத்தேன். ‘இறந்தார்’ என்பது ஆலய வளாகத்தில் புழங்கக்கூடாத சொல் என்று அடுத்த பிரதியைத் திருப்பினார். மூன்றாவது பிரதி இப்படி இருந்தது: ‘சோணைமுத்து என்ற தொழிலாளி தம் பணியைக் குறித்த காலத்துக்கு முன்பே முடித்துக்கொண்டார்.’ இதில் அவருக்குத் திருப்தி. ஆனால் அவருடைய உதவியாளர், குறித்த காலத்துக்கு முன் பணியை முடித்தவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்ற விதியைக் காட்டினார். பத்திரம் கொடுத்தால் கையெழுத்து வாங்க ஆள் வேண்டும். எனவே வரியையே எடுத்துவிட்டு, பிரசுரத்தில் இருந்த ரத்தச் சொட்டை அந்த இடத்தில் வைத்தார்கள். நான் ஒற்றுப்பிழை பார்த்துக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் சபையின் இன்னொரு துறையைச் சொல்ல வேண்டும். மறைந்தோர் துறை. சபையைப் பற்றிக் கேள்விப்படாமலே செத்துப்போனவர்களையும் உறுப்பினராக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. செத்தவர் பெயரைச் சொல்லி, உயிரோடு இருக்கிற ஒருவர் ஆலயத் தொட்டியில் முழுக வேண்டும். அதற்குப் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, இறந்த இடம் நான்கும் வேண்டும். வருடத்துக்கு ஐயாயிரம் பேர் என்று ஆர்வேனியா கணக்கு விதித்திருந்தது. ஆர்வேனியாவில் நானூறு வருடத்துப் பதிவேடு இருக்கிறது. இங்கே எங்கே போவது?

அதைக் கண்டுபிடித்தவள் அந்தத் துறையில் இருந்த இந்துப்ரியா. இருபத்துநான்கு வயது, சூதுவாது தெரியாத பிள்ளை. மதுரைச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி இருக்கிறதே என்று கவனித்தாள். தோற்றம், மறைவு என்று தேதியோடு, போட்டோவோடு, ஆர்வேனியா கேட்கிற எல்லாமே அதில் அச்சாகிக் கிடக்கிறது. அன்று முதல் அவள் ஆட்கள் சிம்மக்கல்லிலும் கோரிப்பாளையத்திலும் தண்ணீர் தெளித்துச் சுவரொட்டி உரித்தார்கள். அவசரத்தில் சில பிறந்தநாள் வாழ்த்துகளும் சேர்ந்து வந்துவிட்டன. அந்த வகையில் ஒரு வட்டச் செயலாளர் உயிரோடு இருக்கும்போதே மோட்சம் போய்விட்டார்.

பிரதிஷ்டை முடிந்தது. ‘உள்ளே நடப்பவை’ என்று கடைசி அத்தியாயம் எழுத வேண்டும். உள்ளே போக நான் உறுப்பினராக வேண்டும். என்னைத் தற்காலிக உறுப்பினராக்க நேர்காணல் வைத்தார்கள். மது உண்டா, புகை உண்டா, சூடான பானங்கள் உண்டா என்று கேட்டார்கள். காபியை விடுவதாக எழுதிக்கொடுத்தேன். ஜிகர்தண்டா கூடுமா என்று கேட்டேன். மூன்று பேர் கலந்து பேசிவிட்டு ஆர்வேனியாவுக்கு எழுதினார்கள். இதுவரை பதில் வரவில்லை.

உறுப்பினரான மறுநாளே தொட்டியில் இறக்கிவிட்டார்கள். எழுபத்தோரு பேரில் பாதிப்பேருக்குச் சளி. வெள்ளை அங்கியோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். இந்துப்ரியா மேலே நின்று பட்டியலைப் படிப்பாள். ஒரு பெயர், ஒரு முழுக்கு. வாடிப்பட்டி பலசரக்குக் கடைக்காரர், ஒரு முழுக்கு. ரிட்டயர்டு தாசில்தார், ஒரு முழுக்கு. முப்பத்தெட்டாவது முழுக்குக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் படித்தாள்:

“சோணைமுத்து. தோற்றம் எட்டு ஆறு அறுபத்திரண்டு. மறைவு பத்தொன்பது மூணு ரெண்டாயிரத்து ஒண்ணு. எடம், ஆலய வடக்குக் கோபுரம்.”

மூக்கில் தண்ணீர் ஏறிவிட்டது. இருமி முடித்து, இது எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

“நம்ம காம்பவுண்டுச் செவத்துலயே ஒட்டியிருந்தாங்க சார். அவுங்க சொந்தக்காரங்க அடிச்சது. கட்டுமானத் துறை கிழிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ண உரிச்சு வச்சுட்டேன்.”

“எடத்த அப்படியே எழுதிட்டியேம்மா.”

“நாம மாத்த முடியாதுல்ல சார். தப்பா எழுதுனா மேல போயி அவரை எங்கன்னு தேடுவாங்க?”

சோணைமுத்துவுக்காக முழுகினேன். மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக உள்ளேயே இருந்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போனால் என் மனைவி கனகலட்சுமி வாசலில் குடத்தோடு நின்றாள். விஷயம் எப்படியோ எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“எத்தனை சாவு?” என்று எங்கள் பாஷையில் கேட்டாள்.

“நாற்பத்தொன்று.”

“ஒரு சாவுக்கே தலைமுழுகாம வீட்டுக்குள்ள விடமாட்டேன். நாற்பத்தொண்ணுக்கும் சேத்து இங்கயே நில்லுங்க” என்று ஒரு அண்டாத் தண்ணீரையும் நாற்பத்தொரு தடவையாக என் தலையில் ஊற்றினாள். அன்றைக்கு எண்பத்திரண்டாவது தடவையாக நனைந்ததில் எனக்கும் சளி பிடித்தது.

மறைந்தோர் துறை விதிப்படி முழுக்குச் சான்றிதழின் பிரதி குடும்பத்துக்குத் தபாலில் போகும். கெட்டித்தாள், தங்க முத்திரை, தலைமை மூப்பரின் கையெழுத்து. அதில் ‘மறைவு இடம்: ஆலய வடக்குக் கோபுரம்’ என்று கண்டிருந்தது. சோலையம்மாள் அதைக் கண்ணாடி போட்டு வாங்கி, மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். தலைமை ஆசிரியர் படித்தார். பஞ்சாயத்துக்காரர் படித்தார். ஒரு வாரத்தில் மேலூரே படித்துவிட்டது.

வெங்கடேஷ்பாபு படித்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சான்றிதழைத் திருப்பி வாங்கு என்றார். விதியில் இடமில்லை என்றாள் இந்துப்ரியா. மறைந்தோர் ஏட்டில் ஒரு முறை ஏறியதை அழிக்கவோ மாற்றவோ தலைமை மூப்பராலும் முடியாது. இரண்டு நாள் விதிநூலைப் புரட்டி வெங்கடேஷ்பாபு ஒரு வழி கண்டுபிடித்தார். உறுப்பினர் ஒருவர் ஒழுக்கக் குற்றத்துக்காக நீக்கப்பட்டால் அவருடைய பதிவுகள் முத்திரையிடப்பட்டு, வழங்கிய சான்றுகள் செல்லாமல் போகும். முழுகிய நாள் முதல் சோணைமுத்து உறுப்பினர். உறுப்பினர் என்றால் நீக்கலாம்.

‘சகோதரர் சோணைமுத்து அவர்களுக்கு’ என்று விசாரணை அறிவிப்பு போனது. ஏழு நாளில் நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் அவருக்காக முழுகியவர் அவராக ஆஜராக வேண்டும். எனக்கு ஒரு பிரதி வந்தது.

முந்தின நாள் வெங்கடேஷ்பாபு என்னை அழைத்துத் தேநீர் இல்லாத ஒரு விருந்து வைத்தார். “ஒரே ஒரு கேள்விண்ணே. குடிச்சிருந்தீரான்னு கேப்போம். ஆமான்னுருங்க. புஸ்தகம் வெளிவந்ததும் ஆலய நூலகர் வேலை ஒங்களுக்குத்தான், நிரந்தரம். செத்தவருக்கு இனிமே என்ன கெட்டுப்போகுது?” முழுக்கத் தமிழில்தான் பேசினார். நான் சரி என்றேன். கனகலட்சுமியிடமும் நிரந்தர வேலை என்று சொல்லிவிட்டேன்.

விசாரணை நாளன்று சோலையம்மாளும் மகளும் வாசலில் நின்றார்கள். நுழைவுச் சான்று இல்லை என்று விருமாண்டி மறித்தார். “எம் புருசன விசாரிக்கிறாகண்ணே, நான் போகக் கூடாதா?” என்று அவள் கேட்டாள். “அவருக்குச் சான்று இருக்கு தாயி, ஒனக்கு இல்லையே” என்றார் விருமாண்டி. அவருக்கே அது சங்கடமாக இருந்தது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

உள்ளே தலைமை மூப்பர் ஆர்வேனியாவிலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார். வெங்கடேஷ்பாபு குற்றத்தைப் படித்து அவருக்கு மொழிபெயர்த்தார்: ‘வடக்குக் கோபுரப் பணியில் மது அருந்திய நிலையில் ஈடுபட்டு, கீழே விழுந்து மறைந்து, ஆலயத்தின் தூய்மைக்குக் களங்கம் விளைவித்தது.’

“ரோட்டுல வண்டி மோதுச்சுன்னு இருந்துச்சே?” என்று கேட்டேன்.

“அது வேற ரெக்கார்டு. இது சபை ரெக்கார்டு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க” என்றார் வெங்கடேஷ்பாபு.

தலைமை மூப்பர் கனிவாகப் பேசினார்; வெங்கடேஷ்பாபு அதைத் தமிழில் சொன்னார். “சகோதரர் சோணைமுத்து, எங்கள் சபை உயிருள்ளவர்களைவிட இறந்தவர்களை அதிகம் நேசிக்கிறது. இறந்தவர்கள் எங்களோடு ஒருபோதும் தகராறு செய்ததில்லை. நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். பணியின்போது மது அருந்தியிருந்தீர்களா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஜன்னல் வழியாக வடக்குக் கோபுரம் தெரிந்தது. மூன்று மாதமாக நாற்பத்து மூன்றாம் பக்கம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அந்த மனிதனுக்காக ஒரு முறை முழுகியும் இருக்கிறேன்.

“நான் குடிக்கல” என்றேன். “சங்கிலி தேஞ்சு கெடந்துச்சு. மொத நாளே சொன்னேன். நாளைக்கு மாத்திக்கிரலாம்னு சொன்னீக. அறுந்துபோச்சு. விழுந்துட்டேன். அப்புறம் என்னய லாரியில ஏத்திட்டுப் போயி ரோட்டுல போட்டீக.”

வெங்கடேஷ்பாபு மொழிபெயர்க்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்று தலைமை மூப்பர் கேட்டார். வெங்கடேஷ்பாபு மூன்றே சொல்லில் ஏதோ சொன்னார். மூப்பர் வருத்தத்தோடு தலையசைத்தார். இந்துப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டே, வெங்கடேஷ்பாபு சொல்லச் சொல்லக் குறிப்பில் எழுதினாள்: ‘மறைந்த சகோதரர் மனம் திரும்பவில்லை.’

சோணைமுத்து சபையிலிருந்து நீக்கப்பட்டார். அவராக ஆஜரானவன் என்ற முறையில் நானும் நீக்கப்பட்டேன். புத்தகத்தின் அட்டை அச்சாகிவிட்டதால் அதில் மட்டும் என் பெயர் நின்றுவிட்டது. முத்திரையிட்ட நீக்க உத்தரவின் குடும்பப் பிரதியை என் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

வாசலில் சோலையம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்: ‘வடக்குக் கோபுரத்தில் பணியில் இருக்கும்போது மது அருந்திய நிலையில் கீழே விழுந்து மறைந்த சோணைமுத்து…’

“வேலையிலதான் செத்தாருன்னு அவுகளே எழுதிட்டாகளா?” என்று கேட்டாள்.

“எழுதிட்டாங்க. ஆனா நடுவுல…”

“நடுவுல இருக்கத எடுத்துருங்க சார். ஒங்க வேலையே அதுதான்கிறீகளே.”

சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. காவலாளி மேசை மேலேயே தாளை வைத்து, ‘மது அருந்திய நிலையில்’ என்ற மூன்று சொல்லையும் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் நீக்கற்குறி போட்டேன். இருபத்தாறு வருடத்தில் பிழைக்காக எத்தனையோ அடித்திருக்கிறேன். பொய் என்பதற்காக அடித்தது அதுதான் முதல் தடவை.

அதை எடுத்துக்கொண்டு கோரிப்பாளையத்தில் சுவரொட்டி அச்சடிக்கும் ஜுல்பிகரிடம் போனோம். “முத்திரையையும் சேத்தே போட்டுருவோம் அண்ணே, பாக்க எடுப்பா இருக்கும்” என்றார் அவர். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. சோணைமுத்துவின் போட்டோ, தோற்றம், மறைவு, அதற்குக் கீழே சபையின் வாசகம், நான் அடித்தது போக மிச்சம்.

பத்தொன்பதாம் தேதி காலையில் ஆலயச் சுவர் நெடுக அது ஒட்டியிருந்தது. எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில் நானும் சோலையம்மாளும் அவள் மகளும் நின்றோம். விருமாண்டி கிழிக்க வந்தார். அவருக்குப் பின்னாலேயே இந்துப்ரியா நோட்டோடு ஓடிவந்து, “இருங்கண்ணே, குறிச்சுக்கிறேன்” என்றாள். நான் ரோட்டைக் கடந்து போய், அவரைத்தான் நீக்கிவிட்டார்களே என்றேன்.

“நீக்குனா உறுப்பினர் இல்லேல்ல சார்” என்றாள். “இறந்தவர், உறுப்பினர் இல்லாதவர். அப்ப எங்க லிஸ்டுலதான் வரணும். இந்த வருசத்துக்கு இன்னும் நாலாயிரம் பேர் வேணும்.”

இந்தப் பக்கம் திரும்பி வந்தேன். சோலையம்மாள் என்னைப் பார்த்தாள்.

“எழுதுறாகளா சார்?”

“எழுதுறாங்க.”

“எடத்தையும் சேத்தா?”

“சேத்துத்தான்.”

இந்துப்ரியா எழுதி முடிக்கும்வரை விருமாண்டி காத்திருந்தார். பிறகு ஒரு ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே போனார். சுவரின் கடைசி வரைக்கும் அவர் போகட்டும் என்று சோலையம்மாள் பொறுத்திருந்தாள். அப்புறம் மகளிடம் சுவரொட்டிச் சுருளைக் கொடுத்துவிட்டு, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.